காத்திருப்பது சோம்பலா? வாவிக்கரையில் வேலைகள் வந்து போன வரலாறு

மட்டக்களப்பில் ஏ.எல். முடித்துவிட்டோ கம்பஸ் முடித்துவிட்டோ வீட்டில் இருக்கிற யாரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது: "இந்தக் காலத்துப் புள்ளயளுக்கு வேல செய்ய மனமில்ல. கவர்மெண்ட் வேல எண்டாத்தான் போவாங்களாம்." கலியாண வீட்டில் சொல்வார்கள், கோயில் சடங்கில் சொல்வார்கள், சலூனில் முடி வெட்டும்போதும் சொல்வார்கள். சொல்பவர் பெரும்பாலும் நமக்கு நல்லது நினைக்கிற மாமாவோ சித்தப்பாவோதான். அதனால் திருப்பிக் கதைக்கவும் முடியாது.

சும்மா கோபப்பட்டும் பயனில்லை. நம்மில் பலர் காத்திருக்கிறோம் என்பது உண்மைதான். பாசிக்குடாவில் ஹோட்டல் வேலை இருக்கிறது. கார்மெண்டுக்கு ஆள் தேடுகிறார்கள். பைனான்ஸ் கொம்பனிகள் வருடம் முழுக்க ஆள் எடுக்கின்றன. அப்படியிருந்தும் ஏன் ஒரு பட்டதாரி மூன்று நான்கு வருடம் ஆசிரியர் நியமனத்துக்காகவோ அபிவிருத்தி உத்தியோகத்தர் நியமனத்துக்காகவோ காத்திருக்கிறார்?

இதற்கான பதிலை நம்முடைய குணத்தில் தேடுவதைவிட நம்முடைய வீட்டு வரலாற்றில் தேடுவது நல்லது. கடந்த எழுபது எண்பது வருடங்களில் இந்த வாவியைச் சுற்றி வந்த தொழில்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எல்லாமே வந்தவுடன் இளைஞர்களைத்தான் கூப்பிட்டன. அநேகமாக எல்லாமே ஒரு தலைமுறை முடிவதற்குள் நின்றுபோயின அல்லது ஆளை மாற்றிக்கொண்டன. நிறுத்துகிற முடிவு ஒருநாளும் வாவிக்கரையில் எடுக்கப்படவில்லை.

வயலும் மேசையும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கிழக்கே கடலோரம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் மேய்ச்சல் தரையுமாக விரிவது படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. வேலையும் இந்தக் கணக்கில்தான் பிரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் வெள்ளாமை, மாட்டுப்பட்டி, சேனை. இந்தப் பக்கம் கடல், தென்னந்தோட்டம், கடை, கந்தோர். வாவிக்குள்ளே தோணியும் வலையும்.

வயல் வேலைக்கு ஒரு படிநிலை இருந்தது. நிலம் போடியாருடையது. ஒரு போகத்துக்கு அவரிடம் வேலைக்கு நிற்பவர் முல்லைக்காரர். விதைப்பிலிருந்து காவல், அறுவடை, களவெட்டியில் சூடு மிதிப்பது வரை வாடியில் தங்கிச் செய்வார்கள். கூலி நெல்லாக, வேலை எல்லாம் முடிந்த பிறகு கிடைக்கும். அதற்கு முன்னர் வாங்கிய கடனும் அரிசியும் அதில் கழியும். பத்துப் பன்னிரண்டு வயதில் மாடு மேய்க்கத் தொடங்கும் பொடியன், பதினாறு பதினேழில் முல்லைக்கு நிற்பான். அவனுடைய பிள்ளைக்கும் அதே பாதைதான். 1958 நெற்காணிச் சட்டம் குத்தகைக்குச் செய்த கமக்காரருக்குச் சில உரிமைகளைக் கொடுத்தது. ஆனால் கூலிக்கு நின்றவர் அந்தச் சட்டத்தின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இதற்கு வெளியே ஒரே ஒரு கதவு இருந்தது: படிப்பு. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873இல் வந்தது. ஆங்கிலம் படித்தவர் எழுதுவினைஞர் ஆகலாம், தபால் அதிபர் ஆகலாம். 1928இல் ரயில் மட்டக்களப்புக்கு வந்த பிறகு கொழும்புக் கந்தோரும் ஓரளவு கிட்டவாயிற்று. மாதம் முடியச் சம்பளம், வயது போனால் பென்சன். மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வரும் வருமானம் என்ற ஒன்றை இந்த ஊர் அப்போதுதான் கண்டது. போடியாரின் தயவு தேவையில்லை. 'அரசாங்க உத்தியோகம்' என்ற சொல்லுக்கு இங்கே இருக்கிற மதிப்பு சும்மா வந்ததல்ல. நெல்லாகக் கூலி வாங்கி, கடனில் கழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பியவர்களின் பிள்ளைகள் கொடுத்த மதிப்பு அது.

ஒரு கதவு மூட, ஒரு கதவு திறந்த காலம்

1956இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியானது. தமிழில் படித்த, ஆங்கிலத்தில் வேலை செய்த இளைஞருக்கு அந்தக் கந்தோர்க் கதவு மெல்ல மெல்ல இறுகத் தொடங்கியது. வேலையில் இருந்தவர்கள் சிங்களப் பரீட்சை எழுதவேண்டி வந்தது. புதிதாகப் போக நினைத்தவர்கள் யோசித்தார்கள்.

அதற்குச் சற்று முன்னர், 1949இல், அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் இருந்த இங்கினியாகலையில் கல்லோயாத் திட்டம் தொடங்கியிருந்தது. சுதந்திர இலங்கையின் முதல் பெரிய அபிவிருத்தித் திட்டம் அது. அணை, வாய்க்கால், புதிய வயல், பின்னர் ஹிங்குராணையில் சீனித் தொழிற்சாலை என வேலைகள் உருவாயின. ஆனால் குடியேற்றப்பட்டவர்களில் பெரும்பான்மையானோர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள். 1956 ஜூனில் அந்தப் பள்ளத்தாக்கில் தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்தது. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. பெரிய வேலைத்திட்டம் பக்கத்தில் நடந்தாலும் வேலை பக்கத்து இளைஞனுக்கு வரும் என்று நிச்சயமில்லை. வாவிக்கரை இதை அப்போதே பார்த்துவிட்டது.

ஆனால் அதே பத்தாண்டில் வடக்குப் பக்கம் வேறொன்று நடந்தது. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் மூன்று தொழிற்சாலைகள் வடக்கு கிழக்குக்கு வந்தன: காங்கேசன்துறையில் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையில் கடதாசி. நாட்டின் முதலாவது கடதாசி ஆலை 1950களின் நடுப்பகுதியில் வாழைச்சேனையில் ஓடத் தொடங்கியது.

அதன் மூலப்பொருள் எது தெரியுமா? வைக்கோல். அறுவடை முடிந்தால் மாடு தின்றதுபோக எரித்துவிடுகிற அதே வைக்கோல்தான். அதைக் கூழாக்கக் கோஸ்டிக் சோடா வேண்டும். வெளுக்க வைக்கக் குளோரின் வேண்டும். பரந்தன் தொழிற்சாலை இந்த இரண்டையும்தான் உற்பத்தி செய்தது. படுவான்கரையிலும் பொலன்னறுவைப் பக்கமும் விளைகிற நெல்லின் மிச்சம், நாட்டுப் பிள்ளைகளின் கொப்பியாக மாறுகிற ஒரு சங்கிலி அது.

இளைஞர்களைப் பொறுத்தவரை இந்த ஆலை செய்தது பெரிய மாற்றம். முதல் முறையாக வயலும் இல்லாத, மேசையும் இல்லாத மூன்றாவது வகை வேலை ஊருக்குள் வந்தது. ஆங்கிலம் தேவையில்லை. சிங்களப் பரீட்சை தேவையில்லை. எட்டாம் வகுப்புப் படித்த பொடியன் உதவியாளாகச் சேர்ந்து, கொதிகலன் இயக்குநராக, பிட்டராக, எலக்ட்ரீசியனாக வரலாம். மூன்று ஷிப்ட், மாதச் சம்பளம், ஓவர்டைம், விடுதி. 1958 சட்டத்தோடு ஊழியர் சேமலாப நிதி வந்தது. இன்றைய கணக்கில் தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். தொழிற்சங்கமும் இருந்தது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஒரே இயந்திரத்தைச் சுற்றி நின்று வேலை செய்தார்கள். ஆலைக்கு வெளியேயும் அதை நம்பி ஆட்கள் பிழைத்தார்கள்: வைக்கோல் கட்டுகிறவர், ஏற்றுகிறவர், வண்டிக்காரர், தேநீர்க் கடைக்காரர்.

ஆலையைச் சொர்க்கமாக வர்ணிக்கத் தேவையில்லை. கூட்டுத்தாபன வேலைக்கு எம்.பி.யின் கடிதம் வேண்டும் என்ற வழக்கம் நாடு முழுக்க இருந்தது, இங்கேயும் அதுதான். உள்ளே பெரும்பாலும் ஆண்கள். வைக்கோல் கூழாக்குகிறபோது வரும் கறுப்புக் கழிவுநீர் ஆற்றுக்கும் மீனுக்கும் நல்லதுமல்ல. இருந்தாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருபது வயதில் உள்ளே போனவன், ஐம்பத்தைந்து வயதில் எங்கே இருப்பேன் என்று ஓரளவு சொல்லக்கூடிய வேலையாக அது இருந்தது. அந்தச் சம்பளத்தை நம்பித்தான் அவன் வீடு கட்டினான், தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தான், பிள்ளையைப் படிப்பித்தான். மான்செஸ்டரிலும் டெட்ராய்ட்டிலும் அப்படியான தொழிற்சாலை வாழ்க்கை மூன்று நான்கு தலைமுறைக்கு நீடித்த பிறகுதான் உடைந்தது. இங்கே அது ஒரு தலைமுறைகூட முழுசாக நீடிக்கவில்லை.

இரண்டு காற்று

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அடுத்த வருடம் நவம்பர் 23ஆம் திகதி சூறாவளி அடித்தது. முதலாவது காற்று கொழும்பிலிருந்து வந்தது, இரண்டாவது கடலிலிருந்து.

முதலாவதால் அதிகம் அடிபட்டவர்கள் நெசவாளர்கள். வாவியின் தெற்கு முனைக்குக் கிட்டவுள்ள மருதமுனை கைத்தறிக்குப் பெயர்போன ஊர். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த 1960, 70களில் அங்கே வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். சாரமும் சாரியும் நாடு முழுக்கப் போயின. ஆண் தறியில் இருந்தால் வீட்டுப் பெண் நூல் சுற்றுவாள், பிள்ளை உதவி செய்யும். கதவு திறந்து வெளிநாட்டுத் துணி மலிவாகக் கொட்டியதும் அந்தச் சத்தம் அடங்கியது. இன்றும் மருதமுனைச் சாரம் வாங்கலாம், ஆனால் அன்றைய அளவோடு ஒப்பிட முடியாது. தறியில் இருந்து எழும்பிய பொடியன் கடைக்குப் போனான், இல்லாவிட்டால் கட்டாருக்கோ சவூதிக்கோ போனான்.

சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் இறந்தார்கள். மாவட்டத்தின் தென்னையில் பத்தில் ஒன்பது பங்கு விழுந்தது. வீடு விழுந்தால் ஒரு வருடத்தில் கட்டலாம். தென்னை விழுந்தால் புதுப் பிள்ளை காய்க்க ஆறேழு வருடம் வேண்டும். அதுவரை தேங்காய் பறிக்கிறவர், உரிக்கிறவர், கொப்பரை காய வைக்கிறவர், கிடுகு பின்னுகிற பெண்கள், கயிறு திரிக்கிறவர்கள் என்ன செய்வது? தென்னை மீண்டும் காய்க்கத் தொடங்கிய காலத்தில் தோட்டத்துக்குள் போவதே ஆபத்தாகிவிட்டது.

திறந்த பொருளாதாரம் கொண்டுவந்த புதிய வேலை இங்கே வரவில்லை. அது 1978இல் கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் தொடங்கியது. நமக்கு வந்தது ஏஜென்ட் மட்டும்தான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985இல் உருவாக்கப்பட்டபோது மத்திய கிழக்குக்குப் போவது ஏற்கெனவே வழக்கமாகியிருந்தது. கிழக்கின் கிராமங்களிலிருந்து, முக்கியமாக முஸ்லிம் தமிழ் ஏழை வீடுகளிலிருந்து, பெண்கள் வீட்டு வேலைக்குப் போனார்கள். வாவிக்கரை வரலாற்றில் பெண்ணின் சம்பளம் ஒரு வீட்டையே தாங்குகிற நிலை பெரிய அளவில் வந்தது இப்படித்தான். அதற்குக் கொடுத்த விலை, அவள் அந்த வீட்டிலேயே இல்லாமல் போனது.

இளமையே ஆபத்தான காலம்

1983க்குப் பிறகு 'எந்த வேலை?' என்ற கேள்வியை 'வேலைக்குப் போய் உயிரோடு வரலாமா?' என்ற கேள்வி தள்ளிவிட்டது.

இதற்கு ஒரு சம்பவம் போதும். 1980களில் வாவியோரம் இறால் பண்ணைகள் வரத் தொடங்கின. வெளிநாட்டு முதலீடு, ஏற்றுமதி, உள்ளூர் இளைஞருக்கு வேலை. காகிதத்தில் பார்த்தால் இன்று அமைச்சர்கள் சொல்கிற எல்லாமே அதில் இருந்தது. படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட மகிழடித்தீவில் அப்படியொரு பண்ணை இருந்தது. 1987 ஜனவரி 28ஆம் திகதி அந்தப் பகுதியில் விசேட அதிரடிப்படை நடத்திய நடவடிக்கையில் 80க்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டதாக மனித உரிமைப் பதிவுகள் கூறுகின்றன. பண்ணையில் வேலை செய்தவர்கள் அதில் அடக்கம். பதின்ம வயதுப் பொடியன்களும் அடக்கம். அவர்கள் அன்றைக்கு வேலைக்கு வந்திருந்தார்கள், அவ்வளவுதான். இன்றும் அந்தப் பக்கம் ஒரு புதிய தொழிற்றிட்டம் என்று யாராவது சொன்னால் வயதானவர்கள் உடனே சிரித்துத் தலையாட்டுவதில்லை. காரணம் புரிகிறதா?

படிப்பு என்ற கதவுக்கும் இதே கதி. வந்தாறுமூலையில் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானது. நான்கு வருடம் கழித்து அதே வளாகம் அகதி முகாமாக இருந்தது. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் இராணுவத்தால் கொண்டு போகப்பட்டார்கள். திரும்பவில்லை.

இப்படியான காலத்தில் இருபது வயது என்பதே ஒரு குற்றப்பத்திரிகை மாதிரி. ஒரு பக்கம் சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, தலையாட்டி. மறுபக்கம் இயக்கத்துக்கு ஆள் சேர்ப்பு. பிள்ளைகள் சேர்க்கப்பட்டதை, 2002 சமாதான காலத்திலும் அதன் பிறகு கருணா பிரிவிலும்கூட, யுனிசெவ் போன்ற அமைப்புகள் ஆவணப்படுத்தின. மட்டக்களப்பு அதில் முன்னணியில் இருந்தது. பெற்றோர் பிள்ளையைப் பாதுகாக்க அவசரமாகக் கலியாணம் கட்டி வைத்தார்கள், கொழும்பில் கடைக்கு அனுப்பினார்கள், காணியை ஈடு வைத்து ஏஜென்டுக்குக் கட்டினார்கள். வயது குறைந்தவர்களை வயது கூட்டிப் பாஸ்போட் எடுத்து அனுப்புகிற வேலையும் நடந்தது. மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005இல் சவூதிக்கு அனுப்பப்பட்டது அப்படித்தான். 2013 ஜனவரி 9ஆம் திகதி அவர் சிரச்சேதம் செய்யப்பட்டபோதுதான் முழு நாடும் அந்த வயதைப் பற்றிப் பேசியது. சவூதிக்குப் போகும் பெண்களின் குறைந்த வயது 25 ஆக உயர்த்தப்பட்டது. ஊரில் வேலை கொடுப்பது பற்றி யாரும் சட்டம் போடவில்லை.

கடதாசி ஆலைக்கு என்ன ஆனது? வைக்கோல் வரவேண்டிய பாதைகள் யுத்தப் பாதைகளாகின. மலிவான இறக்குமதிக் கடதாசியோடு பழைய இயந்திரத்தால் போட்டியிட முடியவில்லை. வைக்கோலை விட்டுவிட்டுக் கழிவுக் கடதாசியை மீள்சுழற்சி செய்கிற இடமாகச் சுருங்கி, 2010களில் உற்பத்தி நின்றுபோனது. 2021இல் சிறிய அளவில் மீண்டும் இயக்கினார்கள். ஆனால் இருபது வயதுக்காரர் தன் முப்பத்தைந்து வருடத்தை நம்பி ஒப்படைக்கிற இடமாக அது திரும்பவில்லை.

புரொஜெக்ட் முடிஞ்சுது

2004 டிசெம்பர் 26இல் சுனாமி. நாவலடி, கல்லடி, திருச்செந்தூர், காத்தான்குடி என்று எழுவான்கரை முழுவதும் அடிபட்டது. சில வாரங்களில் வெள்ளை நிற வாகனங்கள் நகரத்தை நிறைத்தன. அடுத்த ஐந்தாறு வருடம் மட்டக்களப்பில் ஒரு புதுத் தொழில்துறை இயங்கியது: என்.ஜி.ஓ.

அதை ஒரு தொழில்துறையாகவே எண்ண வேண்டும். ஆங்கிலம் கொஞ்சம் தெரிந்து, கொம்பியூட்டர் தெரிந்து, மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தால் 'பீல்ட் ஒபிசர்'. சம்பளம் பாடசாலை ஆசிரியரைவிடக் கூட. இளம் பெண்கள் பெரிய அளவில் கிராமத்துக்குக் கிராமம் போய் வேலை செய்த, கூட்டம் நடத்திய, அறிக்கை எழுதிய காலம் அது. வீடு கட்டுகிற வேலை ஒரே நேரத்தில் குவிந்ததால் மேசன், தச்சன் கூலியும் ஏறியது.

ஆனால் எல்லா நியமனக் கடிதத்திலும் ஒரு முடிவுத் திகதி இருந்தது. ஆறு மாதம், ஒரு வருடம், பண்டிங் வந்தால் இன்னொரு வருடம். கிழக்கில் யுத்தம் 2007இல் முடிந்தது, நாடு முழுக்க 2009இல். நிறுவனங்களின் காசு வேறு நாட்டு அனர்த்தங்களுக்குப் போனது. "புரொஜெக்ட் முடிஞ்சுது" என்பது ஊரில் ஒரு பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. இருபத்திரண்டு வயதில் பெரிய சம்பளம் எடுத்தவர் இருபத்தொன்பது வயதில் மறுபடியும் சீ.வீ. அடித்துக்கொண்டு நின்றார். அதே வயதில் குறைந்த சம்பளத்துக்கு ஆசிரியராகப் போன அவருடைய கூட்டாளி வீடு கட்டிக்கொண்டிருந்தார். இந்தக் கணக்கைத் தம்பிமாரும் தங்கச்சிமாரும் பக்கத்தில் இருந்தே பார்த்தார்கள். அவர்களில் பலர்தான் இன்று காத்திருக்கிறவர்கள்.

சமாதான காலத்து வேலைகள்

2009க்குப் பிறகு வந்தவை சுற்றுலா, ஆடை, கடன்.

பாசிக்குடாவில் யுத்தத்துக்கு முன்னரே ஹோட்டல்கள் இருந்து அழிந்தன. 2011 முதல் புதியவை வரிசையாக எழும்பின. வரவேற்பறை, சமையலறை, ரூம் போய், தோட்டக்காரர், காவலாளி என்று வேலை வந்தது. அதே கரையில் தோணி வைத்திருந்த மீனவருக்கு இடம் குறுகியது. ஹோட்டல் வேலையில் அடிப்படைச் சம்பளத்தோடு சேவைக் கட்டணப் பங்கு பெரிது. ஆள் வந்தால்தான் அது வரும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டு வெடித்தது. அடுத்த வருடம் கொரோனா. 2022இல் பெற்றோலுமில்லை, டொலருமில்லை. ஒரே வேலையில் மூன்று வருடத்துக்குள் மூன்று அடி. அதைத் தாண்டி நின்றவர்கள் இருக்கிறார்கள், அவர்களின் திறமைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த வேலையை 'நிரந்தரம்' என்று யாரிடமும் விற்க முடியாது.

கார்மெண்டுக்கு இளம் பெண்கள் விடியமுன் பஸ்ஸில் போகிறார்கள், சிலர் கட்டுநாயக்காவுக்கே போய் போடிங்கில் தங்குகிறார்கள். சேமலாப நிதி இருக்கிறது. அதே நேரம் உற்பத்தி இலக்கும், கலியாணத்தோடு முடிகிற வேலை என்ற எண்ணமும் இருக்கிறது. கடன் கொம்பனிகளோ இளைஞர்களை இரு பக்கமும் நிறுத்தின. பைக்கில் கிழமைக்கிழமை காசு சேர்க்கப் போகிறவர் இருபத்தைந்து வயதுப் பொடியன். கட்ட முடியாமல் ஒளிகிறவள் அவனுடைய ஊர் அக்கா. நுண்கடன் சுமை எவ்வளவு மோசமானது என்றால் 2018இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு அரசாங்கமே ஒரு பகுதிக் கடனைப் பொறுப்பேற்க வேண்டி வந்தது.

வயலும் மாறிவிட்டது. வெட்டு மெசின் வந்தபின் வாரக்கணக்கில் நடந்த அறுவடை சில மணித்தியாலங்களில் முடிகிறது. முல்லைக்காரர் என்ற சொல் நம்முடைய வயதில் பலருக்குத் தெரியாது. அந்தக் கொடுமை போனது நல்லதுதான். ஆனால் அந்த இடத்துக்கு வேறு வேலை வரவில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்திப் பூங்காவுக்கு முன்னால் மாதக்கணக்காக உட்கார்ந்தார்கள். 2022இல் நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். இன்று பல பொடியன்கள் கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அந்த ஒப்பந்தம் அதிகபட்சம் 4 வருடமும் 10 மாதமும். அதற்கும் முடிவுத் திகதி உண்டு, ஆனால் முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள்.

மாமாவுக்கு ஒரு பதில்

மாமா சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது. காத்திருப்பு இலவசமல்ல. கற்றது மறந்துபோகும், வயதெல்லை தாண்டும், தன்னம்பிக்கை கரையும். அரசாங்கத்தால் எல்லாப் பட்டதாரிக்கும் மேசை போட முடியாது. பெரும்பாலும் தேர்தலுக்குக் கிட்ட வருகிற நியமனங்களை நம்பி இருபதுகளைச் செலவழிப்பது நல்ல திட்டமுமல்ல.

ஆனால் காத்திருக்கிறவர் வேலைக்குப் பயந்தவர் என்பது வரலாறு தெரியாத கதை. இந்த வாவிக்கரை இளைஞர் வைக்கோல் சுமந்திருக்கிறார், தறி இழுத்திருக்கிறார், இறால் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறார், பாலைவன வெயிலில் கம்பி கட்டியிருக்கிறார், சுனாமிப் பிணம் தூக்கியிருக்கிறார். கூப்பிட்ட வேலைக்கு எல்லாம் போயிருக்கிறார். அவர் இன்று தேடுவது லேசான வேலையை அல்ல, நாளைக்கும் இருக்கிற வேலையை. எழுபது வருடத்தில் அப்படி நின்றுபிடித்தது அரசாங்க வேலை ஒன்றுதான் என்றால், அதற்காக வரிசையில் நிற்பது சோம்பலில் சேராது. பட்டு அறிந்த கணக்கு அது.

அதனால் அடுத்த முறை யாராவது மைக்கைப் பிடித்து "உங்கள் மாவட்டத்துக்கு ஆயிரம் வேலை" என்றால், நாம் கேட்க வேண்டியது எத்தனை வேலை என்பதை மட்டுமல்ல. மூலப்பொருள் எங்கேயிருந்து வருகிறது? கூலி எப்போது, எதை வைத்துக் கணக்கிடப்படும்? சேமலாப நிதியும் சங்கமும் உண்டா? கலியாணமான பெண்ணுக்கு, முப்பத்தைந்து வயதானவருக்கு அங்கே இடம் உண்டா? மூடுவது என்றால் அந்த முடிவை யார் எடுப்பார்? கடதாசி ஆலை இந்தக் கேள்விகளில் பாதிக்காவது நல்ல பதில் வைத்திருந்தது. பிறகு வந்தவற்றில் பெரும்பாலானவை அதுகூட வைத்திருக்கவில்லை.

இன்னுமொன்று. இந்த வரலாறு பெரும்பாலும் புத்தகத்தில் இல்லை, அலுமாரியில் இருக்கிறது. அப்பப்பாவின் ஆலைச் சம்பளத் துண்டு, பெரியம்மாவின் பழைய பாஸ்போட், அக்காவின் என்.ஜி.ஓ. நியமனக் கடிதம். அதை எடுத்துப் பாருங்கள். எந்த வருடம் சேர்ந்தார்கள், எந்த வருடம் நின்றது, கடைசிச் சம்பளம் வந்ததா என்று கேட்டு எழுதி வையுங்கள். மாமா மறுபடி அந்த வசனத்தைச் சொல்லும்போது, அவர் இருபது வயதில் என்ன வேலை செய்தார், அது ஏன் நின்றது என்று அவரிடமும் கேளுங்கள். அநேகமாகக் கதை நீளும்.